சும்மா இருக்கிறவள்

எங்கள் லோன் ஏஜென்ட்டுக்கு நான் வைத்த பெயர் 'கவலைப்படாதீங்க'. வாயைத் திறந்தால் அதுதான் வரும். அதைக் கேட்டுக் கேட்டே எனக்குக் கவலை முற்றிவிட்டது.

நாங்கள் பார்த்துவைத்த வீட்டின் பின்பக்கம் ஒரு நீளமான அறை. என் மூன்று தையல் மெஷினையும் வெட்டுமேசையையும் தாராளமாகப் போடலாம். இப்போதிருக்கும் வாடகை வீட்டில் எல்லாமே கூடத்தில். சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் நூல் கிடக்கும். வீட்டு ஓனரும் காலி செய்யச் சொல்லிவிட்டார். அந்த அறை கிடைக்காவிட்டால் என் தொழிலை மூட வேண்டியதுதான்.

அன்று மாலை ஏஜென்ட் வந்தபோது கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், நான் நர்சுகளின் யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்தறீங்களா? சார்கிட்ட பேசணும்."

நிறுத்தினேன்.

"நாம கேட்ட அளவுக்கு பேங்க் தர மாட்டேங்குது சார். கவலைப்படாதீங்க, ஊருக்கு வெளிய வேற வீடு இருக்கு. ரெண்டே ரூம். ஒரு சம்பளத்துக்கு அதுதான் வரும்."

"ஒரு சம்பளமா? என் வருமானம் எங்க போச்சு?" என்றேன்.

ஏஜென்ட் சிரித்தார். "மேடம் வீட்ல சும்மாதான் இருக்காங்கன்னு சார் சொன்னாரே! அப்படியே எழுதிக் குடுத்துட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. கணவரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னதும்மா."

ஒரு பேச்சுக்காம்! இவர் சம்பளம் பாதி மாதத்திலேயே மூச்சை விட்டுவிடும். மீதியை ஓட்டுவது இந்த மெஷின்கள்தான். வருஷா வருஷம் வரி கட்டுகிறேன். ஆடிட்டர்கூட என்னை முதலாளியம்மா என்றுதான் கூப்பிடுகிறார். கட்டிய கணவருக்கு நான் சும்மா இருக்கிறவள்! அவரை விடுங்கள், இந்த ஏஜென்ட்? வரும்போதெல்லாம் துணிக்குவியலை நகர்த்திவிட்டுத்தானே நாற்காலியில் உட்கார்ந்தார்? கண் என்ன பிடரியிலா இருந்தது?

பீரோவைத் திறந்து வரி கட்டிய காகிதங்களை ஏஜென்ட்முன் போட்டேன். "பாருங்க."

நான் மெஷின்முன் உட்கார்ந்து, கத்தரிக்கோலை எடுத்து நூல் பிசிறுகளை வெட்டினேன். அவர் புரட்டினார். சிரிப்பு காணாமல் போனது. "சாரைவிட உங்களுக்குத்தான் அதிகம் வருது. இதைக் காட்டினா நீங்க பார்த்த வீட்டுக்கே லோன் வாங்கிடலாம். ஆனா முதல் பேரா உங்க பேரைத்தான் போடணும்." சொல்லிவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார். "சார், உங்களுக்குச் சம்மதமா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தரிக்கோல் கையில் இருப்பது நல்லதல்ல என்று கீழே வைத்தேன். "நான் இங்கதான் உக்காந்திருக்கேன். என்கிட்ட கேளுங்க."

"கேக்கறேன் மேடம். கவலை..." என்று ஆரம்பித்து வாயை மூடிக்கொண்டு, பையிலிருந்து புது விண்ணப்பத்தை எடுத்தார்.

முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன். கணவர் எட்டிப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"அப்போ என்னை என்னன்னு எழுதுவீங்க?" என்று ஏஜென்ட்டிடம் கேட்டார்.

குரலில் அப்படியொரு பதற்றம். என்னைப் பற்றி இந்தக் கேள்வியை ஒரே ஒரு தடவை இவர் கேட்டிருக்கக் கூடாதா? பேனாவை அவரிடம் நீட்டினேன்.

"என் பேருக்குக் கீழ இடம் இருக்கு பாருங்க. அங்க போடுங்க."