எட்சனின் கணக்கு நோட்டு

பிரீனாவும் எட்சனும் இரட்டைப் பிள்ளைகள்; எட்சன் சில நிமிடம் மூத்தவன். பத்தாம் வகுப்பில் பிரீனா கணக்கில் நூறு எடுத்தாள். எட்சனுக்கு ஐம்பத்தெட்டு.

அப்பா ஜெபதாஸ் தக்கலையில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். பிள்ளைகள் என்றால் அவருக்கு உயிர். ஆனால் பிளஸ் ஒன் சேர்க்கையின்போது அவர் யாரிடமும் கேட்கவில்லை. எட்சனைக் கணக்கும் கம்ப்யூட்டரும் உள்ள பிரிவிலும், பிரீனாவைக் கணக்கு இல்லாத அறிவியல் பிரிவிலும் சேர்த்தார்.

"நர்சிங் படிச்சா அயர்லாந்துக்குப் போலாம் மக்கா. பொம்பளப் பிள்ளைக்கு அதுதான் நல்லது" என்றார். பிரீனா தலையாட்டினாள்.

எட்சனுக்குக் கடைதான் பிடிக்கும். எந்த அளவு ஆணி எந்தத் தட்டில் இருக்கிறது என்று அப்பாவைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். வணிகவியல் கேட்டுப் பார்த்தான். "ஆம்பளப் பிள்ள இன்ஜினியர் ஆவ வேண்டாமாலே?" என்று அப்பா சிரித்துவிட்டார்.

முதல் மாதமே எட்சன் தடுமாறினான். ஒரு சாயங்காலம் நோட்டைத் தங்கை பக்கம் தள்ளினான். "ஏட்டி, இதக் கொஞ்சம் போட்டுத் தாயேன்."

பிரீனா போட்டாள். மறுநாளும் போட்டாள். தனக்கில்லாத புத்தகத்தை அவள் பக்கம் பக்கமாகத் தின்றாள். பள்ளிவிட்டு வந்ததும் தாவரவியலை ஒதுக்கிவிட்டு அண்ணன் பையைத்தான் திறப்பாள். எட்சன் அவள் எழுதியதைப் பார்த்துத் தன் கையால் நகல் எடுப்பான். வகுப்புத் தேர்வுகளில் பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதித் தப்பித்தான். "வீட்டுப்பாடம் அருமையாச் செய்யுகான். பரீட்சையில மட்டும் பதறுகான்" என்று கணக்கு வாத்தியார் அப்பாவிடம் சொன்னார். ஜெபதாஸ் கடையில் எல்லோரிடமும் முதல் பாதியை மட்டும் சொல்லிக்கொண்டார்.

பிளஸ் டூ முடிவு வந்த காலையில் எட்சன் கணக்கில் பதினேழு எடுத்துத் தோற்றிருந்தான். பிரீனா நல்ல மதிப்பெண்ணுடன் தேறியிருந்தாள். அதை யாரும் பேசவில்லை.

"வீட்டுல எல்லாக் கணக்கும் போட்டியேலே! பரீட்சையில மட்டும் என்ன ஆச்சு?" ஜெபதாஸ் கத்தினார். எட்சன் சுவரைப் பார்த்து நின்றான்.

"அது நான் போட்டதுப்பா" என்றாள் பிரீனா.

அவர் நம்பவில்லை. பாடப்புத்தகத்தைத் திறந்து ஒரு கணக்கைக் காட்டினார். அவள் நின்றபடியே போட்டுக் கொடுத்தாள். அது சரியா தப்பா என்று பார்க்கவும் அவருக்குத் தெரியவில்லை. காகிதத்தை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு மனைவி தேவகனியிடம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"இந்தப் பிள்ளைக்கு என்ன படிக்கணும்னு நீங்க என்னைக்காவது கேட்டியளா?" தேவகனி அழுதுகொண்டே அடுக்களைக்குள் போனாள்.

மூன்று நாள் கழித்து ஜெபதாஸ் பிரீனாவின் பள்ளிக்குப் போய்க் கேட்டார். கணக்குப் பிரிவு வேண்டுமானால் பிளஸ் ஒன்னிலிருந்து மறுபடி படிக்க வேண்டும் என்றார்கள். வந்து அவளிடம் சொன்னார். "ரெண்டு வருசம் போயிட்டு மக்கா. இப்பவும் வேணும்னா சொல்லு, சேர்க்கேன்."

கேட்க வேண்டிய நாளில் கேட்டிருந்தால் அவள் துள்ளியிருப்பாள். இப்போது பக்கத்து அறையில் எட்சன் மூன்று நாளாகப் போர்வையை விலக்காமல் படுத்திருந்தான். "வேண்டாம்ப்பா" என்றாள்.

அன்று மாலை அவன் கட்டிலருகே போனாள். "துணைத் தேர்வு இருக்குல்லா. நான் சொல்லித் தாறேன், வா."

"வேண்டாம்ட்டி. நீ போட்டா எனக்குப் புரிஞ்ச மாதிரியே இருக்கும். அப்படித்தான் ரெண்டு வருசமும் இருந்துது."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. முதல் மாதமே அந்த நோட்டைத் திருப்பிக் கொடுத்திருந்தால், அப்போதே தோற்று, அப்போதே வணிகவியலுக்கு மாறியிருப்பான். அவனுக்கு உதவுவதாகத்தான் நினைத்திருந்தாள். ஆனால் கணக்குப் போடும் ஆசை அவளுடையது.

எட்சன் துணைத் தேர்வு எழுதவில்லை. கடைக்கும் போகவில்லை, அப்பாவின் முகத்தைப் பார்த்து அங்கே நிற்க அவனால் முடியவில்லை. எர்ணாகுளத்தில் டைல்ஸ் ஒட்டும் வேலைக்குப் போய்விட்டான். பிரீனா நாகர்கோவிலில் நர்சிங் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் ஆராதனை முடிந்ததும் அவனுக்குப் போன் செய்வாள். சாப்பிட்டியா என்று அவள் கேட்பாள், சாப்பிட்டேன் என்று அவன் சொல்வான். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு வராது.