ஏழு கிலோவுக்குள் கிருஷ்ணராஜ்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. வெளிநாடு போகிறவர்களுக்காகச் சிறப்பிதழ் போடும் ஒரு சஞ்சிகையின் ஆசிரியர், "கைப்பொதியில் எதைக் கொண்டுபோகலாம், எதைக் கொண்டுபோகக் கூடாது என்று பயனுள்ளதாக ஒரு கட்டுரை தாருங்கள். எண்ணூறு சொல். அதற்குமேல் ஒன்றும் ஏறாது" என்றார்.

விதிகளைப் படித்தேன். கத்தி கூடாது. கத்தரிக்கோல் கூடாது. நூறு மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தலில் தண்ணீர் கூடாது. (அதே தண்ணீரைக் குடித்து வயிற்றில் கொண்டுபோனால் குற்றமில்லை.) கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, கட்டுரைக்குப் பதில் கிருஷ்ணராஜ் வந்து நின்றான். வெறுங்கையோடு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். அவன் பையோடு வந்தான்.

2

முதல் தொடக்கம்: மடுல்சீமை மலைமுகடுகளை வெண்பனி மெல்லத் தழுவிக்கொண்டிருந்த அந்த அதிகாலையில்...

வேண்டாம். மலையகம் என்றதும் எல்லாரும் பனியில் கை வைத்துவிடுகிறார்கள். அங்கே குடியிருப்பவர்களுக்குப் பனி என்றால் சளி.

இரண்டாம் தொடக்கம்: கிருஷ்ணராஜ் கட்டாருக்குப் போகிறான் என்ற செய்தி ஒரே நாளில் தோட்டத்து வரிசை வீடுகளான லயம் முழுவதும் பரவியது.

இது போதும். அங்கே ஒரு களஞ்சியத்தில் மூட்டை தூக்கும் வேலை. ஏஜென்ட் கொடுத்தது ஆக மலிவான டிக்கெட். கையில் ஒரு பை, அதுவும் ஏழு கிலோ, அவ்வளவுதான். ஆனால் வெளிநாடு போகிறவனின் பை அவனுடையது என்று விமானக் கம்பெனிதான் நினைத்துக்கொண்டிருக்கிறது. லயத்தில் யாரும் அப்படி நினைப்பதில்லை.

முதலில் மாடசாமி கங்காணி வந்தார். "சின்னப் பார்சல்தான் தம்பி. நம்ம மகன் தினேஸ் அங்கிட்டுத்தான இருக்கான், அவனுக்குக் கொஞ்சம் தேயிலத்தூளு." காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து, யாருக்கு எந்த மலை என்று பிரித்துக் கொடுப்பவர் கங்காணி. கிருஷ்ணராஜின் மனைவி ஜெயந்தினி நாளை சமதரையில் கொழுந்து எடுப்பாளா, வழுக்குகிற மேட்டில் எடுப்பாளா என்பது அவர் வாயில் இருக்கிறது. பார்சலை வாங்கிக்கொண்டான்.

அடுத்த வீட்டு ராசம்மா, கட்டாரில் வீட்டு வேலை செய்யும் மகள் நிரஞ்சலாவுக்கு ஒரு போத்தல் தேசிக்காய் ஊறுகாய் கொண்டுவந்தாள். அந்த ஊறுகாயைவிட ராசம்மாவின் வாய் காரம். அதையும் வாங்கிக்கொண்டான்.

பதுளையில் கடை வைத்திருக்கும் ஸலீம் முதலாளி, மகன் ரிப்கானுக்கு மாசிச் சம்பல் கொடுத்துவிட்டார். ரிப்கான்தான் வேலையை வாங்கிக் கொடுத்தவன். அதற்கு மறுபேச்சு உண்டா?

3

[இந்த இடத்தில் ஜெயந்தினியைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தேன். அவளுடைய பயம், கோபம், அவன் போவதைப் பற்றி அவள் சொன்னது எல்லாம் இருந்தன. ஆசிரியரின் அளவுக்குள் கதை அடங்கவில்லை. கங்காணியை வெட்டினால் கதை விழுந்துவிடும், முதலாளியை வெட்டினால் பயணமே இல்லை. அதனால் ஜெயந்தினியை வெட்டினேன். அவள் சண்டைக்கு வருகிற ஆள் இல்லை. ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் புருசனுக்கு எள்ளுருண்டை பிடித்துப் பையின் அடியில் வைத்தாள் என்பதை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.]

4

கட்டுநாயக்க விமான நிலையம். ஏற்றிவந்த வான் வண்டி திரும்பிவிட்டது. எடை குறையட்டும் என்று மூன்று சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு கிருஷ்ணராஜ் வேர்த்து ஊற்ற நிற்கிறான். கவுண்டரில் இருக்கும் பெண்ணின் பெயர் அகீலா, பண்டாரவளைப் பிள்ளை. (தமிழ் பேசுகிற ஒருத்தி சரியாக அந்தக் கவுண்டரில் வந்து உட்கார்ந்தது எப்படி என்று கேட்கிறீர்கள். நான்தான் உட்கார வைத்தேன். நிஜத்தில் அவன் சைகையிலேயே கதையை முடித்திருப்பான்.)

"பேக்க நீங்கதானா அடுக்கின? கொண்டுபோகச் சொல்லி வேற யாரும் ஏதும் தந்தாங்களா?"

முதல் பிரதியில் அவன் உண்மையைச் சொன்னான், உறவுமுறையோடு. விசாரணை அறைக்குள் போனவன் வெளியே வரவில்லை, கதையும் அங்கேயே நின்றுவிட்டது. ஆகவே ஏஜென்ட் சொல்லிக்கொடுத்த பொய்யைச் சொல்ல வைத்தேன்.

"இல்லீங்க. எல்லாம் என்னோடதுதாங்க."

"ஒன்றரைக் கிலோ கூட இருக்கு அண்ணா."

"பைக்குக் கழிச்சாச்சுங்களா?"

அகீலாவுக்குப் புரியவில்லை. பிறந்ததிலிருந்து கொழுந்து நிறுப்பதைப் பார்த்தவன் அவன். சாக்குக்குக் கழிப்பார்கள், ஈரத்துக்குக் கழிப்பார்கள், இன்னதென்று சொல்லாமலும் கொஞ்சம் கழிப்பார்கள். இங்கே பையையும் சேர்த்து நிறுக்கிறார்கள். அங்கே கழித்ததில் நம் கணக்குக் குறைந்தது, இங்கே கழிக்காததில் கூடுகிறது; இரண்டிலும் நட்டம் நமக்குத்தான். (இது என் ஆத்திரம். அவனுக்கு அப்போது இருந்தது பயம் மட்டும்தான்.)

"கழிக்கிறதெல்லாம் இல்ல. கூடினதுக்குக் காசு கட்டலாம், இல்லாட்டி எதையாவது எடுத்துருங்க."

காசு இருந்தால் அவன் ஏன் கட்டாருக்குப் போகிறான்?

"இந்த ஊறுகாய்ப் போத்தல் எப்படியும் உள்ளுக்குப் போகாது. அது திரவம்."

"ஊறுகா எப்படிங்க திரவமாகும்?"

"சட்டத்துல அப்படித்தான்."

ராசம்மாவின் ஊறுகாய் குப்பைத் தொட்டிக்குள் விழுந்தது. சட்டம் என்று சொன்னால் ராசம்மா நம்பப்போவதில்லை. வழியிலேயே தின்றுவிட்டான் என்றுதான் லயம் முழுவதும் சொல்லுவாள். அப்படியும் முள் ஏழுக்கு இறங்கவில்லை.

"இன்னும் ஒண்டு எடுங்க அண்ணா. பின்னால ஆக்கள் நிக்கிறாங்க."

5

கங்காணியின் தேயிலையைத் தொட்டான், விட்டான். முதலாளியின் சம்பலைத் தொட்டான், விட்டான். பிறகு கை தானாகப் பையின் அடிக்குப் போனது. ஜெயந்தினிதானே, ஒன்றும் சொல்லமாட்டாள். யார் மன்னிப்பார்களோ அவர்களுடையதைத்தான் நாம் முதலில் தூக்கிப்போடுகிறோம். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மூன்றாம் பகுதியைப் பார்த்தீர்கள்தானே.

டப்பா அங்கே இல்லை.

பையைக் கவிழ்த்தும் பார்த்துவிட்டான். போனை எடுத்தான்.

"அந்த எள்ளுருண்ட டப்பா எங்க புள்ள?"

"ஏன், பசிக்குதா?"

"இல்ல... சும்மாதான் கேட்டேன்."

"நான்தான் எடுத்துட்டேன்."

"ஏன் எடுத்த?"

"எட கூடுனா மொதல்ல எதத் தூக்கிப் போடுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? குப்பைக்குப் போறதுக்குப் பக்கத்து வீட்டுப் புள்ளைங்க தின்னட்டும்னு குடுத்துட்டேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சோறு ஆக்கியாச்சு என்பதுபோலத்தான் சொன்னாள். கிருஷ்ணராஜுக்கு வெட்கமாக இருந்தது. எழுதிக்கொண்டிருந்த எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

6

சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ) தேயிலையை எறிகிறான். கங்காணி பெருந்தன்மையாகச் சிரித்து... (கங்காணியை எனக்குத் தெரியும். இந்த முடிவைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.)

ஆ) சம்பலை எறிகிறான். ரிப்கான் அவனைக் கட்டிப்பிடித்து, "அதெல்லாம் பரவாயில்ல மச்சான்" என்று... (வெறும் கையோடு போனவனையா?)

இ) அகீலா இரக்கப்பட்டு முள்ளைப் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். (அவளுக்குப் பின்னால் நிற்கும் மேலதிகாரி திருப்பவில்லை.)

மூன்றும் நொண்டுகின்றன. பை திறந்து கிடக்கிறது. வரிசையில் ஒருவர் உச்சுக்கொட்டுகிறார். ஜெயந்தினி போனை வைக்கவில்லை. இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பது அவளுக்குக் கேட்காமலே விளங்கிவிட்டது.

"கங்காணியோடத எடுத்தா நான் மேட்டு மலைக்குப் போவணும். மொதலாளியோடத எடுத்தா ஒங்க வேலைக்கே ஒல வச்சிருவாங்க. சொல்லுங்க, யாரோடத எடுக்கப் போறீங்க?"

அவன் தேயிலையைப் பார்த்தான், சம்பலைப் பார்த்தான். எனக்கும் தெரியவில்லை. போனை உங்களிடம் தருகிறேன். அவள் காத்துக்கொண்டிருக்கிறாள், நீங்களே சொல்லுங்கள்.