மூன்றாம் வரியில் அம்மா

என் சகலையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சொல்ல எதுவும் இல்லாமல் இல்லை. என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவார். யாரையும் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. தங்கமான மனிதர். என் வயிற்றெரிச்சலுக்கு அதுவும் ஒரு காரணம். கெட்டவராக இருந்தால் பொறாமைப்படுவதில் கொஞ்சம் நியாயமாவது இருக்கும்.

பழைய வீடியோ கேம் பெட்டிகளைச் சேர்ப்பவன் நான். டிவியில் மாட்டி, தடிமனான கேசட்டைச் சொருகி ஆடுவோமே, அந்தக் காலத்துப் பெட்டிகள். எனக்கு வேலை, காது கேட்கும் கருவிகளைப் பழுது பார்ப்பது. நாள் முழுக்க அரிசி அளவு பாகங்களோடு மல்லுக்கட்டும் கைக்கு ஒரு கேம் பெட்டியைத் திறந்து சரிசெய்வது பெரிய காரியமில்லை. பன்னிரண்டு வருடத்தில் பதினொரு பெட்டிகள் சேர்த்திருக்கிறேன். பழைய சாமான் கடைகளில் கால் மரத்துப்போகக் குந்தியிருந்து, செத்துக் கிடந்தவற்றைப் பொறுக்கி வந்து உயிர் கொடுத்தவை. பதினொன்றும் ஓடும்.

ஒரு விடுமுறை நாளில் சகலை என் அறைக்கு வந்து இவற்றைப் பார்த்தார். "சகலை, பிரமாதமா இருக்கே! எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க," என்றார். நானும் வாயெல்லாம் பல்லாக ஒவ்வொன்றையும் எடுத்து விளக்கினேன். என் வாய்தான் எனக்கு எதிரி. இரண்டே வருடத்தில் அவரிடம் முப்பத்துநாலு பெட்டிகள். டைல்ஸும் குளியலறைச் சாமான்களும் விற்கும் பெரிய கடை அவருடையது. ஒரு பொருளை எப்படி நிறுத்தினால் பார்க்கிறவன் வாயைப் பிளப்பான் என்பது அவருக்கு அத்துப்படி. கண்ணாடி அலமாரி, தட்டுக்குத் தட்டு விளக்கு. பாதி ஓடாது. டைல்ஸ் துடைக்கும் திரவத்தைப் போட்டே அவற்றையும் துடைப்பார். பார்க்கும்போது எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஆனால் சொந்தக்காரர்கள் அவர் வீட்டில் "அடேயப்பா!" என்பார்கள். என் அறைக்கு வந்தால், "இதையெல்லாம் இன்னும் தூக்கிப் போடலையா?" என்பார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது மாமனார் வீட்டுப் பெட்டி விஷயத்தில்.

என் மனைவியும் அவள் அக்காவும் சின்ன வயதில் ஆடிய பெட்டி அது. போன வருடம் அத்தை, அதாவது என் மாமியார், இறந்த பிறகு மாமா சின்ன வீட்டுக்கு மாறினார். சாமான் ஒழிக்கும் அன்று நான் வேலையில் மாட்டிக்கொண்டேன். சாயங்காலம் போனால் பெட்டியைக் காணோம். "பெரிய மாப்ள வண்டி கொண்டாந்திருந்தார். அப்படியே ஏத்தி விட்டுட்டேன்," என்றார் மாமா, ஏதோ பழைய செய்தித்தாளைச் சொல்வது மாதிரி. இத்தனை வருடமாக இந்தக் குடும்பத்தில் கேம் பெட்டி என்றால் யார் ஞாபகம் வர வேண்டும்? வண்டி வைத்திருப்பவர் ஞாபகம்தான் வந்திருக்கிறது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பெட்டியோடு ஒரே ஒரு கேசட். தீவு தீவாகப் போய் அரக்கர்களை அடிக்கும் ஆட்டம். போட்டதும் திரையில் மூன்று வரிகள் வரும். ஒவ்வொரு வரியிலும் ஒருவர் ஆடி, பாதியில் நிறுத்திச் சேமித்த ஆட்டம் இருக்கும். முதல் வரி 'பெருசு', அக்கா. இரண்டாவது 'சிறுசு', என் மனைவி. மூன்றாவதில் ஆங்கில எழுத்தில் 'அம்மா'. பிள்ளைகள் பள்ளிக்கும் மாமா வேலைக்கும் போனபின் அத்தை தனியாக உட்கார்ந்து ஆடுவாராம். யார் முன்னாலும் ஆடியதில்லை. "வீட்டுக்கு வந்து டிவி முதுகுல கை வச்சா சூடா இருக்கும். கேட்டா நியூஸ் பாத்தேன்னு சொல்லுவா," என்று மாமா சொல்லிச் சிரிப்பார்.

இந்தக் கேசட்டுகளுக்குள் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும். அது இருக்கும்வரைதான் சேமித்தது இருக்கும். செத்தால் மூன்று வரியும் காலி. நான்கு மாதம் முன்பு சகலை கேசட்டைப் போட்டபோது ஒருமுறை வரிகள் வந்தன, அடுத்தமுறை வரவில்லை, பிறகு வந்தன. மனிதர் பயந்துபோய் நேராக என்னிடம் கொண்டுவந்தார்.

"உங்கள விட்டா யாரு இருக்கா சகலை? எப்படியாவது காப்பாத்திக் குடுங்க."

என் மனைவி பக்கத்தில் நின்றாள். "அதுல அம்மா ஆடினது இருக்கு. பாத்துப் பண்ணுங்க," என்றாள். அத்தையின் கையெழுத்தென்று மளிகைச் சீட்டுகூட மிஞ்சாத வீடு அது. அவள் குரலே எனக்கு அதைச் சொன்னது.

வேலை சுலபம். கேசட்டில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்குப் பிரதி எடுக்கும் கருவி ஒன்று என்னிடம் உண்டு. முதலில் பிரதி எடுக்க வேண்டும். பிறகு பழைய பேட்டரியைக் கழற்ற வேண்டும், அந்த நொடியில் கேசட் வெறுமையாகும். புதியதைப் பற்றவைத்து, பிரதியைத் திரும்ப ஏற்ற வேண்டும். முதல் மூன்றையும் முடித்தேன். கடைசி வேலை ஒரு பொத்தானை அழுத்துவது. அப்போது போன் அடித்தது.

"சகலை, ஷோகேஸ்ல நடுத்தட்டைக் காலி பண்ணிட்டேன். பின்னாடி ஒரு லைட்டு. பக்கத்துல அத்தை போட்டோ. வர்றவங்க எல்லாருக்கும் அத்தை ஆடினத போட்டுக் காட்டணும்."

போனை வைத்தேன். கண் முன்னால் அந்த நடுத்தட்டு வந்து நின்றது. அதன் முன்னால் கைகட்டி நிற்கும் சொந்தக்காரர்கள், டைல்ஸ் திரவம் மணக்கும் கையால் கேசட்டைச் சொருகும் சகலை. இராப்பகலாக உழைத்தவன் நான், மாலை விழுவது அவர் கழுத்தில். பொத்தானை அழுத்தவில்லை. கேசட்டை அப்படியே மூடித் திருகாணியை முடுக்கினேன்.

"திறக்கும்போதே பேட்டரி செத்துப்போயிருந்துச்சு. எல்லாம் அழிஞ்சிருச்சு," என்று சொல்லிக் கேசட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

மனைவி குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது. அக்கா போனில் பேச முடியாமல் வைத்துவிட்டார். சகலை மட்டும், "நீங்க என்ன பண்ணுவீங்க? மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க," என்று என்னைத் தேற்றினார். அவரை அப்படியே அறையலாம் போல இருந்தது.

என்னிடமும் அதே ஆட்டத்தின் கேசட் ஒன்று இருந்தது. மறுநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது பிரதியை அதில் ஏற்றிப் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் வரியில் அம்மா. அறுபத்தொரு மணி நேரம் ஆடியிருக்கிறார். ஆட்டத்தை முடிக்கவே இருபது மணி நேரம் போதும். அத்தை பெரிய கில்லாடியாக இருந்திருப்பார் என்று நினைத்துத் திறந்தேன். முதல் ஊரிலேயே நின்றார். ஒரு அரக்கனைக்கூடத் தொட்டதில்லை. அந்த ஊரில் செடி நட இருபத்துநாலு பாத்திகள் உண்டு. விதைக் கடைக்காரன் சொல்லிக் கொடுக்கும்போது எல்லோரும் ஒன்றை நட்டுவிட்டுப் படகேறி விடுவார்கள். அத்தை இருபத்துமூன்றை நட்டிருந்தார். கிணற்றோரத்துப் பாத்தி மட்டும் வெறும் தரை. அதில்தான் கையில் வாளோடு நின்றுகொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உலகத்திலேயே இதைப் பார்ப்பவன் நான் ஒருவன்தான் என்று ஒரு கர்வமும் வந்தது. சகலையின் முப்பத்துநாலும் இதற்குக் கால்தூசு பெறாது. ஆனால் யாரிடம் காட்டுவது? ஒரு பொருளைச் சேர்ப்பவனுக்குப் பாதிச் சந்தோஷம் அடுத்தவன் முகம் வாடுவதைப் பார்ப்பதில் இருக்கிறது. அந்தப் பாதி எனக்குக் கிடைக்கவே இல்லை.

சகலை சும்மா இருப்பாரா? "போனது போகட்டும். அத்தை எப்படி ஆடியிருப்பாங்களோ, அதே மாதிரி நாம எல்லாரும் சேர்ந்து ஆடுவோம்," என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் போட ஆரம்பித்தார். மூன்றாம் வரியில் 'அம்மா' என்று புதிதாக எழுதினார்களாம். மனைவி அக்கா வீட்டுக்குப் போய், சாயங்காலம் முகம் மலர்ந்து வருவாள். மாமா ஜாய்ஸ்டிக்கைத் தலைகீழாகப் பிடித்தது, அக்கா தண்ணீரில் விழுந்து விழுந்து செத்தது என்று கதை கதையாகச் சொல்வாள். என்னிடம் அப்படிச் சிரித்துப் பேசி வெகுநாளாயிற்று. அசல் என்னிடம் இருந்தது. கொண்டாட்டம் அங்கே நடந்தது. மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் அத்தையோடு கிணற்றடியில் தனியாக உட்கார்ந்து, அவர்களை நினைத்து வெந்தேன்.

ஒரு ஞாயிறு மனைவி விடவில்லை. "எல்லாரும் கேக்கறாங்க. இன்னிக்காவது வாங்க," என்று இழுத்துப் போனாள். சகலை வீட்டுக் கூடத்தில் எல்லோரும் டிவி முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஊர். பாதிப் பாத்திகளில் நட்டிருந்தார்கள்.

"அம்மாவுக்குச் செடி பிடிக்கும். நிறைய நட்டிருப்பாங்க," என்றாள் என் மனைவி.

"ஆமா. அதுவும் கிணத்தோரம் கண்டிப்பா நட்டிருப்பாங்க. தண்ணி பக்கத்துலயே இருக்கில்ல," என்று சகலை அங்கே விதையைப் போடப் போனார்.

தப்பான ஒரு விஷயத்தை, அதுவும் இந்த விஷயத்தில், அதுவும் சகலை வாயால் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. பிறவிக் குணம்.

"கிணத்தோரம் நட மாட்டாங்க சகலை. மத்த இருபத்துமூணுலயும் செடி இருக்கு, அங்க மட்டும் வெறுந்தரை. அங்கதான் நின்னுட்டிருக்காங்க."

சொல்லி முடித்தபிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. சகலை, "அப்படியா? நல்லவேளை சொன்னீங்க," என்று திரையில் ஆளை நகர்த்திக்கொண்டு போனார். மாமாவும் அக்காவும் தலையாட்டினார்கள்; மனைவி எனக்குச் சொல்லியிருப்பாள் என்று நினைத்திருக்க வேண்டும். மனைவி மட்டும் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கே தெரியாத ஒன்றை அவள் எனக்கு எப்படிச் சொல்லியிருக்க முடியும்?

வீட்டுக்குள் நுழைந்ததும், "எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

போட்டுக் காட்டினேன். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே தரையில் உட்கார்ந்தாள். வெகுநேரம் பார்த்தாள். ஜாய்ஸ்டிக்கைத் தொடவில்லை.

"மூணு மாசமா அம்மா இங்க நட்டிருப்பாங்களா, அங்க நட்டிருப்பாங்களான்னு குத்துமதிப்பா நட்டுட்டு இருந்தேன். நீங்க இங்க உக்காந்து பாத்துட்டு இருந்திருக்கீங்க."

நான் குனிந்து ஒயரைச் சரிசெய்தேன்.

"அத்தான் மேல அப்படி என்ன கோவம் உங்களுக்கு?"

"கோவம் இல்ல. பொறாமை," என்றேன். அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். நெஞ்சு கொஞ்சமும் லேசாகவில்லை.

"கொஞ்ச நேரம் வெளிய இருங்க. நான் எங்கம்மாகூட இருக்கணும்," என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள். என் அறை, என் பெட்டி, என் கேசட். நான் சமையலறையில் நின்றேன். அந்த ஊரின் பாட்டு கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தது.

எல்லோரிடமும் சொல்லிவிடுவாள், அதோடு மானம் கப்பலேறும் என்று ஒரு வாரம் நடுங்கிக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிறு என்னைக் கருவியோடு அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனாள். கூடத்தில் நின்று அவளே பேசினாள்.

"மூணு மாசமா விடாம முயற்சி பண்ணி அம்மா ஆடினத மீட்டுட்டாரு. கிடைக்குமோ கிடைக்காதோன்னு யார்கிட்டயும் சொல்லல."

வெறுமையான கேசட்டிலிருந்து எதையும் மீட்க முடியாது. விஷயம் தெரிந்தவன் கேட்டால் சிரிப்பான். அங்கே விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சகலை என்னைக் கட்டிக்கொண்டார். "இத ஏத்துனா நீங்க புதுசா ஆடினது மூணு வரியும் போயிரும்," என்று இழுத்தேன். "எங்களது போனா போகுது சகலை, ஏத்துங்க," என்றார். பொத்தானை அழுத்தினேன்.

கிணற்றடியில் அத்தை நின்றார். மாமா டிவிக்குப் பக்கத்தில் போய், அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார். "மாப்ள, நான் அன்னிக்கு யோசிக்காம ஏத்தி விட்டுட்டேன். இது உங்ககிட்ட இருக்க வேண்டிய பொருள்."

"நானும் அதத்தான் நினைச்சேன் மாமா," என்றார் சகலை. அவரே குனிந்து ஒயர்களைக் கழற்றினார். ஜாய்ஸ்டிக் ஒயரை இறுக்கிச் சுற்றினார். அப்படிச் சுற்றினால் உள்ளே கம்பி அறுந்துபோகும். நான் திருத்தவில்லை. பெட்டியைத் தூக்கி இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். முகத்தில் துளி வருத்தம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

நான் கை நீட்டாமல் நின்றேன். மனைவி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி சிரித்துக்கொண்டே என் பக்கத்தில் வந்தாள். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"வாங்கிக்கங்க. இதுக்குத்தானே எல்லாம்?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்கிக்கொண்டேன்.