வீட்டுக்காரருக்காக

மூக்குக் கண்ணாடிக் கடையில் சட்டத்துக்குள் வில்லை பொருத்துவது அவள் வேலை. எள்ளளவு திருகாணியைப் பிடிக்கும் கை ஒரு நாள் காலையில் நடுங்கியது. பார்த்த முதலாளி மறுநாளிலிருந்து கல்லாப் பக்கம் உட்காரச் சொல்லிவிட்டார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவளுடைய தண்ணீர் பாட்டிலில் இருப்பது தண்ணீர் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

அன்று மதியமே கைபேசியில் தேடினாள். குடியை விட நினைப்பவர்கள் கூடுகிற இடம் என்று வந்த முதல் முகவரியில் இப்போது டியூஷன் நடந்தது. அங்கிருந்தவள் இவளை மேலும் கீழும் பார்த்து, பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்டாள். அடுத்து இவள் ஓர் எண்ணை அழைத்தாள். நூலகத்து மாடியில், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்று ஓர் ஆண்குரல் சொன்னது. யாருக்கு என்று கேட்கவில்லை. அதுவே அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

மாடியில் எதிரெதிராக இரண்டு அறைகள். வலது அறை குடிப்பவர்களுக்கு. உள்ளே அத்தனை பேரும் ஆண்கள். இடது அறை அவர்களுடைய வீட்டாருக்கு. வாசலில் நாற்காலி பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த ஒரு தையல்காரம்மா, "வீட்டுக்காரருக்காக வந்திருக்கீங்களாம்மா? நம்ம ரூம் இதுதான்" என்று இவள் கையைப் பிடித்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டிவிட்டாள்.

அவள் கணவன் பேருந்து ஓட்டுநர். அந்த வாடையே ஆகாதவன்.

அவள் முறை வந்தபோது பேசினாள். துணி அலமாரிக்குள் புட்டியை ஒளித்து வைத்தது, மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர மறந்து தூங்கிப்போனது, சாவு வீட்டில் வாய் நாற நின்றது, எல்லாமே அவள் செய்தவை. 'அவர் செய்தார்' என்று சொன்னாள். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தையல்காரம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டது போல மனசு லேசானது. ஆள் மட்டும்தான் வேறு. அன்று அவள் குடிக்கவும் இல்லை. அதனால் அடுத்த வாரமும் போனாள், அதற்கடுத்த வாரமும். வீட்டில், கடையில் வேலை இழுத்துவிட்டது என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மழை கொட்டியது. கடையிலிருந்து வரும் வழியில் மழைக்கு நூலகத்தில் ஒதுங்கியிருக்கிறேன் என்று கணவனுக்குத் தகவல் அனுப்பினாள். வேலை முடிந்த கையோடு சீருடையிலேயே குடையுடன் வந்து படிக்குக் கீழே நின்றான். பெண்கள் இறங்கி வந்தார்கள். தையல்காரம்மாவுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அவள் மகன் தினமும் பள்ளிக்குப் போகிற பேருந்து அவனுடையது.

"தம்பி, பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு ஓட்டுறீங்க. கொஞ்சம் நெனச்சுப் பாருங்க" என்றாள்.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. போகும் வழியில் யார் அது என்று கேட்டான். வேறு யாரையோ நினைத்துப் பேசுகிறாள் என்றாள். நம்பினான். அவள் சொல்வதை நம்பிவிடுவது அவனுக்குப் பழக்கமாகியிருந்தது.

சில நாள் கழித்து, குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறான் என்று புகார் வந்ததாகப் பணிமனையில் அவனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். தினமும் ஊதிக் காட்டிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன் என்று அவன் சொன்னது எடுபடவில்லை. விசாரணை முடிகிற வரை வண்டி கழுவும் வேலை. வீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான்.

"பொண்டாட்டியே அழுதுச்சாம். யாரு பொண்டாட்டின்னு கேட்டேன். கண்ணாடிக் கடையில வேலை பாக்குறவங்கன்னாங்க."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீ குடிக்கிறது எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? தெரியும். உன் மானம் போயிடக் கூடாதுன்னு எங்க அண்ணன்கிட்டக்கூட வாயத் திறக்கல. நீ என் மானத்தைக் கொண்டுபோய் அங்க எல்லாருக்கும் பங்கு வெச்சுட்டு வந்திருக்க" என்றான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை இடது அறையில் நின்றபடியே உண்மையைச் சொன்னாள். யாரும் அழவில்லை. உன்னை நம்பித்தானே புகார் கொடுத்தேன் என்று தையல்காரம்மா கேட்டாள். நல்லவள், மறுநாளே கூடவே பணிமனைக்கு வந்து புகாரைத் திரும்பப் பெற்றாள். இனி அந்த அறைக்கு வரவேண்டாம் என்பதையும் பணிமனை வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனாள்.

அதன்பின் வலது அறைக்குப் போனாள். வீட்டாருக்கு எதிர் அறை என்று ஒருவர் தன்மையாகச் சொன்னார்.

"இல்லங்க. குடிக்கிறது நான்தான்."

நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார்கள். அதற்குப் பிறகு அவள் குடிக்கவில்லை. வாய் வறண்டு தலை வெடிக்கிற நாட்களிலும் குடிக்கவில்லை.

விசாரணை முடிந்தது, பேச்சு முடியவில்லை. பெற்றோர்கள் முணுமுணுக்கிறார்கள் என்று அவனுடைய வண்டியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவன் இன்னும் பணிமனையில்தான் வண்டி கழுவுகிறான். வீட்டில் படுக்கையைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டான். கேட்டதற்குப் பதில் சொல்வான். தானாக எதையும் கேட்க மாட்டான்.

போன வாரம் அவனுடைய அக்கா வந்திருந்தாள். தம்பி குடிக்கிறான் என்ற பேச்சு அவள் காதுக்கும் எட்டியிருந்தது. தம்பி கூடத்தில் இருக்கும்போதே இவளைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய், இத்தனை வருஷம் எப்படித்தான் பொறுத்தாயோ என்று அழுதாள்.

"அண்ணி, அவர் தொட்டதே இல்ல. குடிச்சது நான்" என்றாள் இவள்.

அக்கா இவள் வாயைப் பொத்தினாள். "வேணாம்மா. அவனை விட்டுக்குடுக்காம பேசுற பாரு, நீ தங்கம்" என்றாள்.

கூடத்தில் தொலைக்காட்சியின் சத்தம் கூடியது.