மடியில் ஒரு பிடி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு காற்சட்டையால். பஸ் இன்ஸ்பெக்டர் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற பிறகும் என் வயிறு மட்டும் பதவி உயர்வு வாங்கிக்கொண்டே போனது. இடுப்பைப் பிரித்துத் தைப்பதற்காக மலாக்கா பாயா ரும்புட்டில் இருக்கும் ஜெயாவின் தையல் கடைக்குப் போனேன். ஊசியில் நூல் கோத்தபடி அவள் சொன்னாள்:

"எங்கப்பா மடியில அரிசி முடிச்சு இல்லாம வாசப்படி தாண்ட மாட்டாருண்ணே. அவசரகாலத்துல அம்மா அரிசிய எடுத்துட்டு மணலக் கட்டிக் குடுத்தாங்க."

காற்சட்டையை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். (ஓடவில்லை. பஸ்ஸில் வந்தேன். இனி அடைப்புக்குறிக்குள் வருவதை நம்புங்கள். வெளியே இருப்பதற்கு நான் ஜவாப்தாரி இல்லை.)

2

முதல் வரிக்கு முயன்றவை:

துப்பாக்கியைப் பல்லில் கவ்வியபடி ஐராவதியை நீந்திக் கடந்த பிச்சைமுத்து…

"அப்பாவுக்கு நீச்சல் தெரியாது லா," என்றாள் ஜெயா.

பர்மாக் காட்டில் பிச்சைமுத்துவைக் கண்ட புலி, வந்த வழியே…

"புலி எங்கண்ணே வந்துச்சு? மலேரியாதான் வந்துச்சு."

அன்று விடியலில் தோட்டமே…

(இதை நானே விட்டுவிட்டேன். விடியலில் தோட்டம் என்ன செய்யும்? கொட்டாவி விடும்.)

சரி, ஜோடனை வேண்டாம். பிச்சைமுத்து மலாக்காவில், கோலா சுங்கை பாரு போகும் பாதையில் இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்துப் பால்வெட்டுக்காரர். இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து பர்மா வரை போனார். பின்வாங்கி நடந்தபோது அடுப்பு மூட்டினால் விமானம் பார்த்துவிடும் என்று பச்சை அரிசியையே மென்றார்கள். மடியில் ஒரு பிடி வைத்திருந்தவன் நடந்தான். இல்லாதவன் மரத்தடியில் உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. ஊர் திரும்பியவர் காலையில் பால் வெட்டினார், மத்தியானம் புல் வெட்டினார், ஞாயிற்றுக்கிழமை துரை பங்களாக் கூரைக்குத் தார் பூசினார். வீட்டில், அவரோடு பால்வெட்டப் போகும் மனைவி மீனம்மாவும் மூன்று பிள்ளைகளும். நிற்கும்போது முப்பத்தைந்து வயது மனிதர். உட்கார்ந்தால் அறுபது.

3

பிறகு, 1948-ல், மலாயாவில் வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் வந்தது. தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள், வாசலில் சோதனை வைத்தார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று ஒரு மணி அரிசிகூட வேலிக்கு வெளியே போகக்கூடாது என்றார்கள். அகப்பட்டால் சிறை. சிலரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பினார்கள்.

"இன்னிக்கு மட்டும் வச்சிட்டுப் போங்களேன்," என்பாள் மீனம்மா. "கேட்டுல மடியத் தடவிப் பாக்கறானுங்களாம்."

"பாக்கட்டும்."

"உங்களக் கப்பலேத்திட்டா மூணு புள்ளைங்கள வச்சிக்கிட்டு நான் எங்க போறது?"

"அது இல்லாம காலு நடக்க மாட்டேங்குது மீனம்மா. நான் என்ன செய்ய?"

(இந்த இடத்தில் ஒரு பக்கத்துக்குப் போரைப் பற்றி எழுதி வைத்திருந்தேன். இரண்டு பீரங்கிகளும் வந்தன. இந்தப் பதிலைக் கேட்டபின் கிழித்துவிட்டேன்.)

தினமும் முடிச்சுப் போட்டுக் கையில் கொடுப்பவள் மீனம்மாதான். அவர் அவிழ்ப்பதில்லை, நடக்கையில் தொட்டுப் பார்த்துக்கொள்வதோடு சரி. ஆகவே வேலி போட்ட சில நாளிலேயே அவள் துணியில் அரிசி வைப்பதை நிறுத்தினாள். பாத்திரம் தேய்க்கக் கொட்டாங்கச்சியில் வைத்திருந்த ஆற்றுமணலைச் சலித்து*, குருணைபோல் இருந்ததைக் கட்டிக் கொடுக்க ஆரம்பித்தாள். ஆற்றில் முதலைகள் இருந்தும் இறங்கி அள்ளிய மணல் அது. (முதலை இல்லை. ஒரு உடும்பு.)

* ஏன் சலிக்க வேண்டும், ரேஷன் அரிசியில் பாதி அதுதானே என்று கேட்டேன். ஜெயா சிரிக்கவில்லை.

4

ஒரு காலை வாசலில் சோதனை கடுமையாயிற்று. தோட்டத்துத் துரை ஜீப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சோதித்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள் யாரென்று ஜெயாவுக்குத் தெரியாது. எனக்கு ஒரு பழைய தோழன் தேவைப்பட்டதால் வடிவேலுவை அங்கே நிறுத்தியிருக்கிறேன்: அதே படையில் நடந்தவன், பிச்சைமுத்துவின் முடிச்சிலிருந்து வாங்கித் தின்றவன், இப்போது வெள்ளைக்காரன் கொடுத்த காக்கியில் நிற்பவன். இவன் மேல் எனக்கே சந்தேகம். ரொம்பக் கச்சிதமாக இருக்கிறான். இருந்தாலும் போகட்டும், யாராவது ஒருவன் அந்த மடியைத் தொட்டுத்தானே ஆக வேண்டும்?

"அண்ணே, கையத் தூக்குங்க."

"நான்தான்டா வடிவேலு."

"தொர பாக்கறாரு. தூக்குங்கண்ணே."

விரல் முடிச்சில் நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிச்சைமுத்துவுக்கு உள்ளே இருப்பது அரிசி. வடிவேலுவுக்கும் அரிசிதான். பின்னால் வரிசையில் பால் வாளியோடு நின்ற மீனம்மாவுக்கு மட்டும் உண்மை தெரியும், கத்திச் சொல்ல முடியாது.

"புள்ளைங்கள மட்டும் பாத்துக்கடா," என்றார் பிச்சைமுத்து.

(வடிவேலு என் சரக்கு. இந்த வரி என் சரக்கு இல்லை. எதிரில் நின்றது எவனாயிருந்தாலும் பிச்சைமுத்து இதைச் சொன்னார். மீனம்மா காதில் விழுந்தது. சாகும்வரை மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.)

முடிச்சு அவிழ்ந்தது. மணல் பொலபொலவென்று காலடியில் கொட்டியது. என்ன அது என்று துரை கேட்டார்.

"பாசிர், துவான்!" மணல்தான் ஐயா என்று வடிவேலு மலாயில் கத்தினான்.

"பிச்சமுத்து வீடு கட்டப் போறாரு டோய்!" என்றான் வரிசையில் ஒருவன். வேலியே சிரித்தது. பிச்சைமுத்து திரும்பி மீனம்மாவைப் பார்த்தார். அவள் காலி வாளிக்குள் எதையோ தேடினாள். அவர் வெறும் துணியை வாங்கி மடித்துக்கொண்டு, வாசலைத் தாண்டி, மரங்களுக்குள் போனார். அன்று கால் எப்படி நடந்ததோ.

5

சாயங்காலத்துக்கு மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

ஒன்றில் அவர் சோற்றுத் தட்டை வீசுகிறார். "அப்பா சோத்த வீசவா?" என்று ஜெயா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அதை அடித்துவிட்டேன். இன்னொன்றில் சிரித்துவிட்டு மீனம்மாவைக் கட்டிக்கொள்கிறார். பத்தடி அறையில் மூன்று பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதையும் அடித்துவிட்டேன். மூன்றாவதை நான் எழுதவில்லை, ஜெயா சொன்னாள்.

அவர் வந்தார், குளித்தார், உட்கார்ந்தார். மீனம்மா சோறு போட்டாள்.

"எப்பலேர்ந்து?"

"வேலி போட்டதுலேர்ந்து."

இரண்டு வாய் சாப்பிட்டார்.

"இத்தன நாளும் காலு நடந்துச்சே மீனம்மா," என்றார்.

அதைக் கோபமாகச் சொன்னாரா, ஆச்சரியமாகவா என்று கேட்டேன். "அலுப்பா சொன்னாருண்ணே," என்றாள்.

(ரப்பர் மரப்பட்டையில் வெட்டின் ஆழம் பார்த்தே பழகிய விரல்கள். அவற்றுக்கு அரிசிக்கும் மணலுக்கும் வித்தியாசம் தெரியாமலா போயிருக்கும்? இதை வைத்து ஒரு நாவலே எழுதலாம். எனக்கும் அலுப்பாக இருக்கிறது.)

6

மறுநாள் விடியலில் பிச்சைமுத்து பால்வெட்டும் உளியை எடுத்துக்கொண்டார். வாசற்படியில் நின்றார். மடியிலிருந்து வெறும் துணியை எடுத்து மீனம்மாவிடம் நீட்டினார். அவள் துணியோடு அடுப்படிக்குள் போனாள், கட்டிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

"எதக் கட்டுனாங்கம்மா?" என்று ஜெயாவைக் கேட்டேன்.

ஜெயா என் காற்சட்டையை மடித்துக் கையில் கொடுத்தாள். "நான் பக்கத்துலதான் நின்னேன். எனக்குத் தெரியும். உங்ககிட்ட சொல்ல மாட்டேன் லா. நீங்க அதையும் பெருசாக்கிடுவீங்க."

அதனால் எனக்கும் தெரியாது. இந்தத் தடவை அடைப்புக்குறிக்கு வெளியிலேயே சொல்கிறேன்.

அரிசிப் பானை வலது பக்கம். மணல் கொட்டாங்கச்சி இடது பக்கம். வேலைக்கு ஆள் கூப்பிடும் தண்டவாளத்துண்டை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். வேலி வாசலில் வேறொரு கான்ஸ்டபிள் நிற்கிறான். படியில் ஒரு மனிதர் கால் எடுத்து வைக்காமல் காத்திருக்கிறார். துணி இப்போது உங்கள் கையில் இருக்கிறது.