லிஃப்ட் ஓடாத மூன்று மாதம்

லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கும் கட்டடத்திலேயே லிஃப்ட் மூன்று மாதமாக ஓடவில்லை. இதைவிட மானக்கேடு வேறு என்ன வேண்டும்? போகிறவர் வருகிறவர் எல்லாம் அவரை வாரினார்கள். அவரோ, “பார்ட்ஸ் இன்னும் வரலைங்க” என்று அசடு வழிந்துவிட்டு, அவர்களுடைய பைகளை வாங்கிக்கொண்டு நான்கு மாடியும் ஏறுவார்.

அவருடைய மகளுக்குப் பதினாறு வயது, ஊரறிந்த சோம்பேறி. முதல் மாடிக்குப் போகக்கூட லிஃப்டுக்குக் காத்து நிற்பவள். ஆனால் அவளுக்கு ஓர் ஆசை. பாட்டும் ஆட்டமுமாக நாடகம் போடும் கம்பெனி ஒன்று பயிற்சிக்கு ஆள் எடுக்கிறது. ஆடிக்கொண்டே பாட வேண்டும், மூச்சு வாங்கினால் கதை கந்தல். “இதெல்லாம் ஒரு வேலையா?” என்று அப்பா ஒரே போடாகப் போட்டுவிட்டார். அதனால் அவர் இல்லாத நேரத்தில் படிக்கட்டுதான் மேடை. வேறு வழியில்லாமல் ஏறிய படிகளில் பாடிக்கொண்டே ஏறினாள். முதல் வாரம் இரண்டாம் மாடியிலேயே நாக்குத் தள்ளியது. அங்கே குடியிருந்த அக்கா, யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்துத் தண்ணீரோடு ஓடி வந்தார். இப்போது நான்காம் மாடியிலும் கடைசி வரி ஆடாமல் நிற்கிறது.

நாடகத் தேர்வு நாள் காலையில் ஷூவைக் காணவில்லை. அலமாரியைக் குடைந்தபோது அப்பாவின் பூட்ஸுக்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டி அகப்பட்டது. லிஃப்ட் கம்பெனி முத்திரை, மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி. பிரிக்கவே இல்லை.

“அப்பா! இது எப்பவோ வந்துடுச்சா?”

அவர் திருதிருவென்று விழித்தார். “கத்தாத. வெளிய தெரிஞ்சா என் தோலை உரிச்சிடுவாங்க.”

“ஏம்ப்பா மாட்டல?”

“மாட்டத்தான் எடுத்துட்டு வந்தேன். நீ பாடிக்கிட்டே ஏறிட்டிருந்த. லிஃப்ட் ஓடினா நீ படியில கால் வைப்பியா?”

“அப்ப வேணாம்னு சொன்னீங்களே?”

“சொன்னேன். அது நீ பாடிக் கேக்கறதுக்கு முன்னாடி.”

அவள் பெட்டிக்குப் பின்னால் கிடந்த ஷூவை இழுத்து மாட்டிக்கொண்டாள். அப்பா பெட்டியைப் பழைய இடத்திலேயே வைத்தார்.

“உன்னை எடுத்துக்கிட்டாங்கன்னா இன்னைக்கே மாட்டிடறேன். இல்லேன்னா என்ன, இன்னும் மூணு மாசம் பை தூக்கறேன். போயிட்டு வா.”

அன்று மாலை கீழ்ப்படியில் நின்று அவள், “அப்பா, அந்தப் பெட்டியைப் பிரிங்க!” என்று போட்ட சத்தத்தில் நான்கு மாடிக் கதவுகளும் திறந்தன.