மடிப்பு விழாத சீட்டுகள்

என் மாமியாருக்கும் எனக்கும் ஆகாது. கல்யாணமான முதல் வாரத்திலிருந்தே ஆகாது. மாவு டப்பாவைத் தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு வேளாவேளைக்குத் தானே அளந்து போடுகிற மனுஷியோடு யாருக்குத்தான் ஆகும்? ஒரு கரண்டி எண்ணெய் கூடுதலாக விழுந்துவிட்டால் அன்று முழுக்க என் பிறந்த வீட்டை இழுப்பார். நானும் வாயை மூடிக்கொண்டு போகிற ரகமில்லை. நடுவில் என் வீட்டுக்காரர், எதுவுமே காதில் விழாதவர்போல உட்கார்ந்து ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

ஆல்பம் என்றதும் குடும்பப் படங்கள் என்று நினைத்துவிட வேண்டாம். எல்லாம் பழைய கம்பெனிச் சீட்டுகள். சுரங்கம், நூல் ஆலை, சர்க்கரை ஆலை என்று அந்தக் காலத்து முதலாளிகள் கூலிக்குப் பதிலாகத் தாங்களே அச்சடித்துக் கொடுத்த காகிதம். கம்பெனியே நடத்துகிற கடையைத் தவிர வேறெங்கும் செல்லாது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிக்கொள்ள என்ன மூளை பாருங்கள். அந்த அயோக்கியக் காகிதத்துக்கு இன்று கிராக்கி. தேடித் தேடி வாங்கி, கண்ணாடி உறைக்குள் செருகிவைத்துப் பூரித்துப் போக ஒரு கூட்டம் இருக்கிறது. என்னைக் கட்டியவர் அதில் ஒருவர்.

அவர் வாங்கியதெல்லாம் கிழிசலும் கறையும்தான். உருப்படியாக இருந்தது மாமனார் விட்டுப்போனது மட்டும். மாமனார் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவர் செத்தபிறகு துணிப் பெட்டியின் அடியில், இரண்டு அட்டைக்கு நடுவே அந்தச் சீட்டுகள் கிடைத்தன. ஒன்றில்கூட மடிப்பு இல்லை, கைரேகை இல்லை. சுரங்கத்தை மூடியபோது ஆபீசில் மிஞ்சிக் கிடந்ததை அப்பா எடுத்து வந்திருப்பார் என்றார் வீட்டுக்காரர். மாமியாரும் அப்படித்தான் நம்பினார்.

அதை விற்றால் தனி வீட்டுக்கு முன்பணம் கட்டிவிடலாம். இதை வீட்டுக்காரர் மண்டையில் ஏற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒருவழியாக இறங்கி வந்தார். வியாபாரியும் வந்தார். சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, சின்ன இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். மேஜையின் மறுகோடியில் மாமியார் யாருக்கும் இடம் விடாமல் மாவு பிசைந்துகொண்டிருந்தார். வேண்டுமென்றேதான்.

வியாபாரி ஒரு சீட்டைத் திருப்பினார். பின்னால் ஊதா மையில் முத்திரை இருந்தது.

"இது மிச்சம் கெடந்த சீட்டு இல்ல சார். அதுல தேதியும் இருக்காது, கேஷியர் கையெழுத்தும் இருக்காது. இது சம்பளமா குடுத்தது. சுரங்கத்துல வெள்ளம் புகுந்துச்சே, அந்த வருஷம். வாங்கினவர் ஒண்ணைக்கூட செலவு பண்ணாம வெச்சிருக்கார். அதனாலதான் இந்த வெல."

படத்தைப் பாருங்கள், இந்த ரயில் எஞ்சின் அந்த வருஷம் மட்டும்தான் அச்சடித்தார்கள், உங்கள் அப்பா பெரிய ரசிகர் என்று அவர் பாட்டுக்குப் புகழ்ந்துகொண்டே போனார். மாமியாரின் கை மாவில் அப்படியே நின்றுவிட்டது. தேதியை மறுபடி படிக்கச் சொன்னார். படித்தார்.

"வெள்ளம் வந்ததுல சம்பளமே தரலைன்னாரே அந்த மனுஷன். சுரங்கத்துல போடற கஞ்சியைக் குடிச்சுட்டு வந்து, தெனமும் அதைத்தானே சொன்னாரு."

அந்த வருஷத்தின் கதை இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்போது என் வீட்டுக்காரர் பிறக்கவில்லை. அவருடைய அக்கா கைக்குழந்தை. பட்டினியில் மாமியாருக்குப் பால் வற்றிவிட்டது. கம்பெனிக் கடையில் பால் டின் அடுக்கியிருந்தது, வாங்கச் சீட்டு இல்லை. குழந்தை தவழ்வதற்கு முன்பே போய்விட்டது. அன்று முதல் அந்த முதலாளியையும் அவன் பரம்பரையையும் மாமியார் கரித்துக் கொட்டாத நாளில்லை. சீட்டு என்னவோ அவர் வீட்டுப் பெட்டியிலேயே இருந்திருக்கிறது.

அப்பாவுக்கு அழகான பொருள் என்றால் உயிர் என்று வீட்டுக்காரர் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். மாமியார் மாவுக் கையோடு ஒரு சீட்டை எடுத்துக் கசக்கினார். மடிப்பு விழுந்தால் விலை போச்சு என்று வியாபாரி பதறினார். மாமியார் அடுத்ததை எடுத்தார். வீட்டுக்காரர் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். மாமியார் நிமிர்ந்து பார்த்த பார்வையில் கை தானாக விலகியது.

நான் மட்டும் முந்திக்கொண்டு ஒன்றை எடுத்துவிட்டேன். இருந்ததிலேயே பெரிய சீட்டு. இது ஒன்று போதும், முன்பணத்துக்கு மேலேயே தருகிறேன் என்று வியாபாரி என் காதருகே சொன்னார். உள்ளே போய்விடு என்று வீட்டுக்காரர் கண்ணாலேயே கெஞ்சினார்.

மாமியார்மேல் எனக்குத் திடீரென்று பாசம் பொங்கிவிடவில்லை. ஆனால் இந்தக் காசில் வாங்கும் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூட என் தொண்டையில் இறங்காது.

"இந்தாங்க அத்தை" என்று நீட்டினேன்.

வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"குடுக்கறதுக்கு நீ யாரு? இது என் பொண்ணோட பால்."